மூன்று சீவாளிகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பீத்தோவனின் ஓபஸ் (படைப்பு எண்) 87 ட்ரையோவை, அதாவது மூவர் வாசிக்கும் படைப்பை, இரண்டு பதிவுகளில் கேட்டேன். முதலாவதில் ஓபோ, கிளாரினெட், அடிச்சுரம் தரும் பஸூன் என்று மூன்று ஊதுகருவிகள். பிடித்திருந்தது. அடுத்தது மூல வடிவமாம்: இரண்டு ஓபோ, ஓர் இங்கிலீஷ் ஹார்ன். மூன்றும் ஒரே குரலாக ஒலிக்கின்றன, அடியில் ஒன்றுமே இல்லை. ஏழாவது சிம்பொனி ஓபஸ் 92. அதற்கு ஐந்து எண் முன்னால் இவ்வளவு மெலிந்த படைப்பா?

ச.

அன்புள்ள ச.,

எண்ணை நம்பாதீர்கள். இது 1795 வாக்கில், வியன்னாவுக்கு வந்த புதிதில் எழுதியது, அச்சானது 1806இல். எட்டு ஊதுகருவிகளுக்கு அவர் எழுதிய ஆக்டெட் இதற்கும் முந்தியது. அவர் இறந்து மூன்றாண்டு கழித்து வெளியானதால் ஓபஸ் 103 ஆகிவிட்டது.

அடியில் ஒன்றும் இல்லை என்று உங்கள் காது சரியாகத்தான் சொல்கிறது. இங்கிலீஷ் ஹார்ன் என்பது ஹார்னே அல்ல, கொஞ்சம் நீண்ட ஓபோ. ஓபோவுக்கு ச-ப தூரம்தான் கீழே. செல்லோவின் கடைசிச் சுரம் அதைவிட ஒரு ஸ்தாயிக்கும் அதிகமாகக் கீழே கிடக்கிறது. இந்த மூவர் கூட்டணி அவர் கண்டுபிடித்ததும் அல்ல. டைமர் சகோதரர்கள் மூவர் வியன்னாவில் இதே வாத்தியங்களை வாசித்துக்கொண்டிருந்தார்கள். யோஹான் வெண்ட் என்ற இசையமைப்பாளர் அவர்களுக்காக எழுதியிருக்கிறார்.

எனக்கு இதில் பெரிய விஷயம் மூச்சு. ஓபோவின் சீவாளி நம் நாகஸ்வரத்துக்கு இருப்பதுபோல இரட்டைதான், ஆனால் துளை வெறும் கீற்று. ஊதுகிறவருக்குக் காற்று தீர்ந்துபோவதில்லை, உள்ளே மிஞ்சிவிடுகிறது. பழைய மூச்சை வெளியே தள்ளிவிட்டுத்தான் புதியதை இழுக்க முடியும். அதற்கு இடம் வேண்டும், உதட்டுக்கும் ஓய்வு வேண்டும். இருப்பதோ மூன்று பேர். ஒருவர் ஓய்ந்தால் மூன்று சுரக் கோர்வையில் ஒரு சுரம் காணாமல் போகும். அதைக் காது தேடாதபடி நான்கு பகுதிகளை, இருபது நிமிடத்துக்கு மேல், 24 வயதுப் பையன் ஓட்டிக் காட்டுகிறான். பஸூன் வந்தால் அடித்தளம் கிடைக்கும், இந்தக் கழைக்கூத்து போய்விடும்.

மெதுவான இரண்டாம் பகுதியான அடாஜியோவை மட்டும் ஹெட்போனில் கேளுங்கள். எவர் எங்கே விடுகிறார், எவர் எங்கே எடுத்துக்கொள்கிறார் என்று கவனியுங்கள். நல்ல பதிவு என்றால் அந்த மூச்சுச் சத்தமே கேட்கும். முதல் பகுதி எனக்கும் கொஞ்சம் நீளம்தான். மூன்றாவதற்கு மெனுவெட்டோ (நிதானமான அரசவை நடனம்) என்று பெயர் வைத்துவிட்டு அல்லெக்ரோ மோல்ட்டோ (மிக விரைவாக) என்று வேகம் போட்டிருக்கிறார். அந்த வேகத்தில் ஆடினால் விக் கழன்றுவிடும்.

பிடித்துவிட்டால், இதே மூன்று வாத்தியங்களுக்கு, மொசார்ட்டின் ‘டான் ஜியோவானி’ என்ற இசை நாடகத்தில் வரும் ஒரு காதல் பாட்டை எடுத்து பீத்தோவன் எழுதிய வேரியேஷன்களும் (ஒரே மெட்டின் மாற்று வடிவங்கள்) இருக்கின்றன. பத்து நிமிடம்கூட ஆகாது.