மே மாதம் கமுதிக்குப் போகட்டும், ஆனால் ஒரு வேலையோடு போகட்டும்

வணக்கம் சார். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பி.காம். இரண்டாம் ஆண்டு முடிக்கிறாள், லீவில் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் அத்தை வீட்டில் தங்கி அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யப்போகிறேன் என்கிறாள், கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் ஆடிட்டர் ஆபீஸுக்கும் டேலி என்கிற கணக்கு மென்பொருள் கிளாஸுக்கும் போகும்போது இவள் மட்டும் ஒரு மாதத்தை வீணாக்கிவிடுவாளோ என்று கேட்டிருக்கிறீர்கள். அனுப்புங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் "ஏதாவது" என்று சொன்னாள் பாருங்கள், அந்த ஒரு சொல்தான் எனக்கு உறுத்துகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இதற்கு மார்க் கிடையாது. நாளைக்கு வேலைக்கு எடுக்கிறவர்களும் "கிராமத்தில் தொண்டு செய்தேன்" என்ற ஒரு வரியைப் பார்த்து மயங்கப் போவதில்லை. இன்னொன்று, இரண்டாம் ஆண்டு லீவில் இன்டர்ன்ஷிப் கட்டாயம் என்று சில கல்லூரிகளில் வைத்திருக்கிறார்கள், அதனால் துறைத் தலைவரிடம் இந்த வேலையை அதற்குக் கணக்கில் எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டு, கிளம்புவதற்கு முன்பே எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். போய் வந்த பிறகு கேட்டால் நடக்காது.

ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித்தரலாம் என்று நினைக்கிறாள் போல. எனக்கு அதில் சம்மதம் இல்லை. நான்கு வாரத்தில் எந்தப் பிள்ளையும் இங்கிலீஷ் பேசப் போவதில்லை, முதல் வாரம் முப்பது பேர் வருவார்கள், மூன்றாவது வாரம் ஏழு பேர் வருவார்கள், இவள் திரும்பிய மறுநாள் எல்லாம் கலைந்துவிடும். மே மாதத்தில் அந்த மாதிரி ஊருக்கு அவசரமாகத் தேவைப்படுவது வேறு.

2024, 2025 இரண்டு வருடமும் பிளஸ் டூ முடிவு மே 10க்குள் வந்துவிட்டது. பொறியியல் கலந்தாய்வு விண்ணப்பம் அதே வாரத்தில் திறந்து ஏறக்குறைய ஒரு மாதம் இருந்தது, அரசு கலைக் கல்லூரிகளுக்கு அதைவிடக் குறைந்த நாள்தான். சென்னைப் பிள்ளைக்கு அண்ணன் இருப்பான், பக்கத்து வீட்டு அக்கா இருப்பாள், கேட்டுக்கொள்ளும். அபிராமம், பெருநாழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிற பிள்ளையின் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவர்களே இல்லாமல் இருக்கலாம். முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கினால் கட்டணச் சலுகை உண்டு என்று யாரோ சொல்லியிருப்பார்கள், ஆனால் அது வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் தாண்டி வந்து சேர நாளாகும், முடிவு வந்த பிறகு இ-சேவை மையத்துக்கு ஓடினால் கடைசித் தேதி கழுத்தைப் பிடிக்கும் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவத்துக்கு 2020லும் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றுக்கு 2021லும் வந்தது, அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. ஆனால் அந்த ஏழு வருடமும் எங்கே படித்தோம் என்று பள்ளியில் சான்று வாங்க வேண்டும், நடுவில் பள்ளி மாறியிருந்தால் அங்கேயும் அலைய வேண்டும். அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று அரசுத் திட்டங்கள், மாதம் ஆயிரம் ரூபாய், பட்டம் முடியும் வரை. இதெல்லாம் தெரிந்தால் காலேஜ் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்ட வீட்டில்கூட மறுபேச்சு வரும்.

பிளஸ் டூ எழுதிய பிள்ளைகளின் சான்றிதழ்களைச் சரிபார்த்து, விண்ணப்பம் போட உதவுவது, இந்த ஒரு வேலையை உங்கள் மகள் எடுத்துக்கொள்ளட்டும். ஒரு மேசை, ஒரு லேப்டாப், ஒரு நோட்டு போதும்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெண் சில வருடத்துக்கு முன்னால் வேறொரு சின்ன ஊரில் இதைச் செய்தாள். அவளோடு ஒரு நாள் நானும் உட்கார்ந்திருந்தேன். ஒரு பையன் பிளாஸ்டிக் கவரில் சான்றிதழ்களைச் சுருட்டி எடுத்து வந்தான். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பெயருக்கு முன்னால் இனிஷியல், ஆதாரில் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர், சாதிச் சான்றிதழில் அப்பா பெயரிலேயே ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்து, விரலால் எழுத்து எழுத்தாகத் தொட்டுப் பார்த்தாள் அவள். அதைச் சரிசெய்ய அவனுக்கு ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாள் கையில் இருந்ததற்குக் காரணம், முடிவு வருவதற்கு முன்பே அவள் பார்த்துவிட்டதுதான். உங்கள் மகளும் தன் பரீட்சை முடிந்த மறு வாரமே கிளம்பினால்தான் பலன்.

அந்தப் பெண்ணே ஒரு தப்பும் செய்தாள், அதையும் சொல்ல வேண்டும். ஆறு பேருடைய விண்ணப்பத்தில் வசதிக்காகத் தன் செல் நம்பரையே கொடுத்துவிட்டாள். ஜூலையில் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் நேரத்தில் ஓடிபி எல்லாம் இவள் போனுக்கு வருகிறது, இவளோ வகுப்பில் போனை அணைத்து வைத்திருக்கிறாள், அங்கே ஒரு பிள்ளை பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறது. கடைசி நேரத்தில் சமாளித்தார்கள், ஆனாலும் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்கும்போது இவளுக்குக் குரலே எழும்பவில்லை. அதனால் நம்பர் அந்தப் பிள்ளையின் வீட்டு நம்பர், பாஸ்வேர்டு அந்தப் பிள்ளையின் நோட்டில், கீபோர்டில் விரல் வைப்பதும் அந்தப் பிள்ளையே. உங்கள் மகள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் போதும். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்ற முடிவிலும் அவள் தலையிட வேண்டாம், விவரத்தை மட்டும் எடுத்து வைக்கட்டும்.

மேசையை எங்கே போடுவது என்பது சின்ன விஷயம் இல்லை சார். அத்தை வீட்டுத் திண்ணை வசதிதான், ஆனால் எந்தத் தெருப் பிள்ளையும் தயங்காமல் வந்து உட்கார முடிகிற இடமா என்று யோசியுங்கள். எந்தச் சின்ன ஊரிலும் வீட்டைப் பார்த்துத்தான் யார் வருவது, யார் வராமல் ஒதுங்குவது என்று தீர்மானமாகும். அதனால் நூலகம் அல்லது அரசு மேல்நிலைப் பள்ளி. நூலகரிடமும் வாசகர் வட்டத்தில் இருக்கும் பெரியவர்களிடமும் முன்கூட்டியே பேசினால் இடம் தருவார்கள், வெள்ளிக்கிழமை நூலகம் விடுமுறை என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளட்டும். "நீங்க யாரு வீட்டுப் பிள்ளை, என்ன ஆளுங்க" என்று இவளிடமும் கேட்பார்கள். கோபப்படாமல், பதிலும் சொல்லாமல், "பரீட்சை நம்பர் சொல்லு தம்பி" என்று வேலைக்கு வந்துவிடப் பழகட்டும்.

பாதுகாப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். அத்தை வீடு இருப்பதால் பாதிக் கவலை தீர்ந்தது. சாப்பாட்டுச் செலவுக்கு அத்தை வேண்டாம் என்றாலும் மளிகையாக வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். அக்னி நட்சத்திர வெயிலில் மதியம் யாரும் வரப்போவதில்லை, காலையிலும் நாலு மணிக்கு மேலும் உட்கார்ந்தால் போதும், இருட்டுவதற்குள் வீடு.

ரெஸ்யூமே பற்றியும் சொல்லிவிடுகிறேன். நோட்டில் தினமும் எழுதட்டும், எத்தனை பேர் வந்தார்கள், எந்தச் சான்றிதழ் எதனால் நின்றது, எப்படிச் சரியானது. பிள்ளைகளின் ஆதார் எண்ணையோ போட்டோவையோ எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது, கணக்கு மட்டும். "இத்தனை மாணவர்கள், இத்தனை விண்ணப்பங்கள், இத்தனை பெயர்ப் பிழைகள்" என்று மூன்று எண்ணைச் சொல்லத் தெரிந்தவளிடம்தான் நேர்காணலில் அடுத்த கேள்வி வரும். ஆடிட்டர் ஆபீஸில் வவுச்சர் சரிபார்க்கிற கண்ணும் மூன்று சான்றிதழில் பெயர் சரிபார்க்கிற கண்ணும் ஒன்றுதான், பி.காம். படிக்கிறவளுக்கு இது அந்நியமான வேலை இல்லை. டேலியை அடுத்த டிசம்பரில்கூடப் படிக்கலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அத்தையை அந்த அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் ஒரு எட்டு போய், இந்த வருடம் பிளஸ் டூ எழுதியவர்கள் எத்தனை பேர், அதில் வீட்டில் இணைய வசதி இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று கேட்டு வரச் சொல்லுங்கள். அந்த எண் கைக்கு வந்ததும் மகளையே என்னிடம் பேசச் சொல்லுங்கள் சார், மாலை ஆறு மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும்.