துடைப்பத்தைக் கண்டால் பாயும் சேவல்

கேள்வி: ஐந்து மாதங்களுக்கு முன் கோயில் திருவிழாவில் என் மகளுக்குச் சாயம் பூசிய இரண்டு கோழிக்குஞ்சுகள் வாங்கிக் கொடுத்தேன். ஒன்று ரோஜா நிறம், மற்றது பச்சை. பிழைக்காது என்றார்கள். அவள் மடியிலேயே வைத்து வளர்த்தாள். இரண்டும் பிழைத்து வெள்ளைச் சேவல்களாகிவிட்டன. இன்றும் அவற்றின் பெயர் ரோஜா, பச்சைதான். ஒரு மாதமாக, வாசல் கூட்டும் என் மாமியார் மீது ரோஜா பாய்ந்து கொத்துகிறது. போன வாரம் மகளின் முழங்காலையும் கீறிவிட்டது. மற்ற நேரங்களில் அவள் காலடியில் சோற்றுப் பருக்கையைப் போட்டு அவளைக் கூப்பிடுகிறது. விடியும் முன்பே கூவுவதால் பக்கத்து வீட்டாரும் முகம் சுளிக்கிறார்கள். முனியப்பனுக்கு நேர்ந்துவிடலாம் என்கிறார் மாமியார். மகள் சாப்பிடாமல் அழுகிறாள். ரோஜாவுக்கு என்ன ஆயிற்று?
- ஒரு தாய், ஈரோடு மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

ரோஜாவுக்கு நோயும் இல்லை, கெட்ட குணமும் இல்லை. அதற்கு வயது வந்திருக்கிறது, அவ்வளவுதான். நேர்ந்துவிடும் பேச்சைச் சில வாரங்களுக்குத் தள்ளிப்போடும்படி உங்கள் மாமியாரிடம் நான் கேட்டுக்கொண்டதாகச் சொல்லுங்கள்.

வாங்கிய இரண்டும் சேவலாகப் போனது தற்செயல் இல்லை. நாமக்கல் பக்கத்து முட்டைப் பண்ணைகளுக்குப் பெட்டைக் குஞ்சுகள் மட்டும்தான் வேண்டும். பொரித்த அன்றே ஆணையும் பெண்ணையும் பிரித்துவிடுவார்கள். பண்ணைக்கு உதவாத அந்த ஆண் குஞ்சுகள்தாம் சாயம் ஏறித் திருவிழாக்களில் கூடைகூடையாக நிற்கின்றன. முதல் தூவி உதிர்ந்து இறகு முளைத்ததும் சாயம் போய், உள்ளே இருந்த வெள்ளை லெகார்ன் சாதிக் கோழி வெளியே வந்துவிடும். பெரும்பாலான குஞ்சுகள் அந்த நாளைப் பார்ப்பதே இல்லை. உங்கள் மகள் இரண்டையும் காப்பாற்றியிருக்கிறாள். இந்தக் கடிதத்தில் என் மனத்தைத் தொட்டது அதுதான்.

ரோஜா அடுத்த முறை பாய்வதற்கு முன் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். சேவல் நேராக வராது. பக்கவாட்டில் நகரும். ஒரு பக்கத்துச் சிறகைத் தரையில் உரசும்படி தாழ்த்தி, சிறு அடிகளாக வைத்து அரைவட்டம் போடும். இடையில் ஒன்றுமே இல்லாத தரையைக் கொத்தி, இரை பொறுக்குவதுபோல் பாவனை செய்யும். தலையைத் தாழ்த்தும். கழுத்திறகுகள் குடைபோல் விரியும். அதற்குப் பிறகுதான் இரண்டு காலையும் தூக்கி எகிறும். இவ்வளவும் சில நொடிகளில் முடிந்துவிடுவதால் "திடீரென்று பாய்ந்தது" என்கிறோம். சேவல் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் பாய்கிறது.

இப்போது மாமியாரை நினைத்துப் பாருங்கள். குனிந்திருக்கிறார், தலை தாழ்ந்திருக்கிறது. கையில் விரிந்த துடைப்பம், சேவலின் உயரத்திலேயே இப்படியும் அப்படியும் வீசுகிறது. தலை தாழ்த்திக் கழுத்திறகை விரித்த இன்னொரு சேவல் தன் வாசலுக்கே வந்து சண்டைக்கு அழைப்பதாக ரோஜாவுக்குத் தோன்றுகிறது என்பது என் கணிப்பு. அவர் அலறிக்கொண்டு உள்ளே ஓடும்போது, எதிரி தோற்றுவிட்டான் என்று அது முடிவு செய்கிறது. மறுநாள் இன்னும் துணிச்சலாக வருகிறது.

மகள் விஷயம் வேறு. பருக்கையைக் கொத்திக் கொத்திக் கீழே போட்டு, "டுக்… டுக்…" என்று அடித்தொண்டையில் அழைக்கிறதே, அது சேவல் தன் பெட்டையை இரைக்குக் கூப்பிடும் குரல். பச்சையை விட்டால், தன் கூட்டம் என்று அதற்குத் தெரிந்த ஒரே உயிர் அவள்தான். மடியில் வளர்ந்த சேவலுக்கு மனிதர் வேறு, கோழி வேறு என்ற கோடு சரியாக விழுவதில்லை. அதனால் ஒரு நேரம் அவளைப் பெட்டையாக எண்ணி ஊட்டப் பார்க்கிறது, இன்னொரு நேரம் போட்டிச் சேவலாக எண்ணிக் கீறுகிறது. மனிதரைக் கண்டு ஒதுங்கி, தாய்க்கோழியோடு வளரும் சேவல்களிடம் இந்தக் குழப்பம் மிகக் குறைவு. அன்பு குறைந்ததால் வந்த சிக்கல் இல்லை இது என்பதை அவளுக்குப் புரியும்படி சொல்லுங்கள்.

செய்ய வேண்டியதை இன்றே தொடங்கலாம். காலின் பின்புறம் முள் வளரும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். இந்த வயதில் மிளகு போன்ற ஒரு மேடுதான் இருக்கும். ஒரு வருடம் போனால் அது உண்மையிலேயே முள்ளாகிவிடும். திருத்தும் காலம் இதுதான்.

வாசல் கூட்டி முடியும்வரை இரண்டையும் பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள். தப்பி வந்துவிட்டால் மாமியார் ஓடக் கூடாது, முதுகைக் காட்டவும் கூடாது. நிமிர்ந்து நின்று, முறத்தை முழங்காலுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, அதை நோக்கி ஓரடி வைத்தால் போதும். அது விலகி வேறு பக்கம் மேயப் போகும்வரை அசையாமல் நிற்கட்டும். துடைப்பத்தால் அடிப்பதையும் காலால் உதைப்பதையும் அறவே விட வேண்டும். அடி வாங்கிய சேவல் அதைச் சண்டைக்குச் சம்மதமாகவே எடுத்துக்கொள்கிறது. நானும் இளம் வயதில் ஒரு சேவலைக் குச்சியால் அடக்கப் பார்த்திருக்கிறேன். அது கடைசிவரை என்னை எதிரியாகவே பார்த்தது. அதை நினைத்தால் இன்றும் வருந்துகிறேன்.

மகள் இனி அதை மடியில் வைத்துக் கொஞ்சுவது, விரலை நீட்டி அலகோடு விளையாடுவது, கையில் வைத்து ஊட்டுவது மூன்றையும் நிறுத்த வேண்டும். இரையைத் தரையில் தூவிவிட்டு நகர்ந்துகொள்ளட்டும். ரோஜா முறைத்து நின்றால் பெரியவர் ஒருவர் அதன் இரண்டு சிறகுகளையும் உடலோடு அணைத்துத் தூக்கி, திமிறல் அடங்கும்வரை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டு, அமைதியான பின் இறக்கிவிடலாம். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடாதீர்கள், அது வதை. சேவல் எகிறும் உயரத்தில் குழந்தையின் கண் இருக்கிறது. ஆகவே சில வாரங்களுக்குப் பெரியவர் துணையின்றி அவளைச் சேவலிடம் விடாதீர்கள். கீறல் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவி, தடுப்பூசி விவரத்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

"ஒரு பெட்டையை வாங்கிவிட்டால் அடங்கிவிடும்" என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். கேட்காதீர்கள். ஒரு சேவலுக்கு எட்டுப் பத்துப் பெட்டைகளாவது வேண்டும். இரண்டு இளம் சேவல்களுக்கு நடுவே ஒற்றைப் பெட்டையை விட்டால் அதன் முதுகில் இறகு மிஞ்சாது, அண்ணன் தம்பி உறவும் முறிந்துவிடும். ஒன்றாக வளர்ந்த சேவல்கள், பெட்டை இல்லாத இடத்தில் பெரும்பாலும் ஒத்துப்போகும். இடையிடையே மார்பை முட்டிக்கொள்ளும். யார் மேல், யார் கீழ் என்று முடிவானதும் அடங்கிவிடும். ரத்தம் வந்தால் மட்டும் பிரித்துவிடுங்கள்.

கூவுவதற்கு மருந்து இல்லை. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேவல்களை வெளிச்சமே மாறாத மங்கிய அறையில் வைத்துப் பார்த்து, விடியலைக் காணாமலே அவை ஏறக்குறைய ஒரு நாள் இடைவெளியில் கூவுவதை 2013-இல் வெளியிட்டார்கள். நேரம் அதன் உடலுக்குள்ளேயே ஓடுகிறது. 2015-இல் அவர்களே இன்னொன்றும் கண்டார்கள்: கூட்டத்தில் மேலிடம் பிடித்த சேவல்தான் முதலில் கூவும், மற்றவை வரிசைப்படி பின்தொடரும். நாளைக் காலை மகளோடு படுக்கையிலிருந்தே கேட்டுப் பாருங்கள், ரோஜாவா பச்சையா என்று தெரிந்துவிடும். கழுத்தில் பட்டை கட்டிக் குரலை அடக்கும் வழக்கம் சில இடங்களில் பரவுகிறது. மூச்சுத் திணறும், வேண்டவே வேண்டாம். இரவில் கூட்டைப் பக்கத்து வீட்டுச் சன்னலுக்கு எதிர்ப்புறம் மாற்றிச் சாக்கால் மூடினால் சத்தம் கொஞ்சம் மட்டுப்படும். அவர்களிடம் நீங்களே போய் ஒரு வார்த்தை பேசிவிடுவது அதைவிட நல்லது.

தீவனம் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். கடையில் கோழித்தீவனம் என்று கேட்டால் முட்டைக்கோழித் தீவனத்தைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். முட்டை ஓட்டுக்காக அதில் சுண்ணாம்புச்சத்து நான்கு விழுக்காடு அளவுக்கு இருக்கும். சேவலுக்கு ஒரு விழுக்காடே போதும். மிஞ்சியது சிறுநீரகத்தைக் கெடுக்கும். வளரும் கோழிக்கான தீவனத்தோடு கம்பு, உடைத்த சோளம், கீரை கொடுங்கள். வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய்க்குத் தடுப்பூசி போடாமல் இருந்தால் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிப் போய்விடுங்கள்.

இத்தனையும் செய்து, முள் நீண்ட பிறகும் ரோஜா பாய்ந்துகொண்டே இருந்தால், பெட்டைகள் நிறைய மேயும் ஒரு தோட்டத்தில் கொண்டுபோய் விடலாம். பெட்டைகளை இரைக்கு அழைக்கவும், வானத்தில் பருந்து தெரிந்தால் ஒரு குரலும் தரையில் நாய் வந்தால் வேறொரு குரலும் கொடுத்து எச்சரிக்கவும் தெரிந்த சேவல் அங்கே மதிப்போடு வாழும். எந்த முடிவானாலும் மகளிடம் உண்மையைச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பள்ளிக்குப் போய் வருவதற்குள் குழம்பாக்கிவிட்டு "பறந்து போய்விட்டது" என்று சொல்லிவிடாதீர்கள்.

இனித் தொடவே முடியாதா என்று அவள் கேட்பாள். முடியும். இருட்டில் கோழிக்குப் பார்வை மங்கிவிடும். கூட்டில் அடைந்த பிறகு சண்டைக் குணமும் இருக்காது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் விளக்கைத் தணித்து, நீங்கள் ரோஜாவைப் பிடித்துக்கொள்ள, அவள் அதன் முதுகை மெல்ல நீவிக் கொடுக்கட்டும். குஞ்சாக இருந்தபோது மடியில் முனகிய அதே மெல்லிய குரல் கேட்டாலும் கேட்கும்.