தண்ணீர் மீட்டருக்கு 12 டிபிஐ ஆன்டெனா வாங்கலாமா?

கேள்வி: சத்துவாச்சாரியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 24 வீடுகள். லாரித் தண்ணீர்ச் செலவைச் சமமாகப் பிரிப்பதில் ஓயாத சண்டை. அதனால் வீட்டுக்கு வீடு வயர்லெஸ் தண்ணீர் மீட்டர் மாட்டினோம். ரீடிங் வாங்கும் கேட்வே மொட்டை மாடியில் இருக்கிறது. அதற்கு நேர் கீழே, பைப் டக்டுக்குள் உள்ள ஐந்தாறு மீட்டர்களிலிருந்து மட்டும் ரீடிங் வருவதே இல்லை. 12 டிபிஐ ஆன்டெனா போட்டால் சரியாகிவிடும் என்கிறார் விற்றவர். வாங்கலாமா?
– சங்கச் செயலாளர்

பதில்: வேண்டாம். உள்ளதும் கெட்டுப்போகும்.

ஆன்டெனா புதிதாகச் சக்தி எதையும் உண்டாக்குவதில்லை. இருக்கிற சக்தியை எந்தப் பக்கம் திருப்புகிறது என்பதைத்தான் டிபிஐ சொல்கிறது. செங்குத்தாக நட்ட குச்சி ஆன்டெனா நாலு பக்கமும் நன்றாக வீசும். தன் காலடிக்கும் தலைக்கு மேலும் ரொம்பக் குறைவு. டிபிஐ ஏற ஏற அந்த வீச்சு தோசை மாதிரி தட்டையாகிக்கொண்டே போகும். பக்கத்துத் தெரு மீட்டர் கிடைக்கும், உங்கள் வீட்டு மீட்டர் கிடைக்காது.

முதலில் டக்ட் கதவைப் பாருங்கள். இரும்புத் தகடு என்றால் அலை உள்ளேயே அடைபட்டுவிடும். பேட்டரியை மிச்சம் பிடிக்க இந்த மீட்டர்கள் எப்போதாவதுதான் ரீடிங் அனுப்பும். எனவே கதவை ஒரு நாள் முழுக்கத் திறந்தே வையுங்கள். ரீடிங் வந்துவிட்டால் பிவிசி கதவு போட்டால் போதும்.

வரவில்லையா? கேட்வேயை நடு மாடி வராந்தாவுக்கு இறக்கி, 2 அல்லது 3 டிபிஐ ஆன்டெனாவோடு சோதியுங்கள். கேட்வே பெட்டியை வாட்ச்மேன் அறையில் பத்திரமாக வைத்துவிட்டு ஆன்டெனா ஒயரை மட்டும் மேலே இழுக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். மெல்லிய ஆர்ஜி-174 ரக ஆன்டெனா ஒயர், இந்தக் கருவிகளின் அலைவரிசையில், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் ஒரு டெசிபல் சிக்னலைத் தின்றுவிடும். 10 மீட்டர் நீளம் இழுத்தால் 10 டெசிபல் போய்விடும், அதாவது சிக்னல் சக்தியில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். நீளமாக இழுக்க வேண்டியது நெட்வொர்க் கேபிள். ஆன்டெனா ஒயர் குட்டையாகவே இருக்கட்டும்.

அப்புறம் ஒன்று. எல்லா மீட்டரும் ரீடிங் அனுப்பும் என்று சொல்லித்தானே விற்றார்? அப்படியானால் கூடுதல் ஆன்டெனாவுக்கு நீங்கள் ஏன் காசு கொடுக்க வேண்டும்? கோளாறை எழுத்தில் கொடுத்து, சரிசெய்யச் சொல்லுங்கள். மழுப்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: ஆன்லைனில் 915 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவும் ரேடியோ போர்டும் மலிவாகக் கிடைக்கின்றன. நம் ஊர் மீட்டருக்கு ஆகுமா?
– காட்பாடி வாசகர்

பதில்: ஆகாது. அவை அமெரிக்காவின் 902–928 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குச் செய்தவை. இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த 865-இலிருந்து தொடங்கும் அலைவரிசையைத்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். 866-க்கான கால் அலை ஆன்டெனா கம்பி ஏறக்குறைய எட்டரை சென்டிமீட்டர். கடையில் ஸ்கேல் வைத்தே பார்த்துவிடலாம், ஸ்பிரிங் போலச் சுருட்டியது மட்டும் இந்தக் கணக்கில் வராது. ஆன்டெனாவைத் திருகி மாட்டும் இணைப்பான்களில் எஸ்எம்ஏ, ஆர்பி-எஸ்எம்ஏ என்று இரண்டு வகை உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மாற்றி வாங்கினால் மரை ஏறினாலும் நடுவில் இணைப்பு சரியாகக் கிடைக்காது.