ஏழு உடல்கள், நான்கரை மணி நேரப் படம்

கேள்வி: உண்மையில் நடந்த ஒரு படுகொலையைப் படமாக எடுத்தால், அதற்கு அரசு வரிவிலக்கு கொடுப்பதிலும் பள்ளி மாணவர்களுக்குக் கட்டாயமாகப் போட்டுக் காட்டுவதிலும் என்ன தவறு? நடந்ததைத்தானே காட்டுகிறார்கள்? எதிர்க்கிறவர்கள் உண்மைக்குப் பயப்படுகிறவர்கள்தானே?
– வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் யோசனையை இந்தோனேசியா எப்போதோ நடைமுறைப்படுத்திப் பார்த்துவிட்டது. வரிவிலக்கோடு நிற்கவில்லை, படத்தையே அரசு தன் செலவில் எடுத்தது.

1965 செப்டம்பர் 30 இரவு, ஜகார்த்தாவில் ராணுவத்துக்குள் இருந்த ஒரு குழு ஆறு ஜெனரல்களையும் ஒரு லெப்டினன்டையும் கொன்று, லுபாங் புவாயா என்ற இடத்தில் ஒரு கிணற்றில் போட்டது. அந்த லெப்டினன்ட், ஜெனரல் நசூதியன் என்று தவறாக நினைத்துப் பிடித்துச் செல்லப்பட்டவர். நசூதியன் மதில் ஏறித் தப்பினார். அவருடைய ஐந்து வயது மகள் குண்டடிபட்டு, சில நாட்களில் இறந்துபோனாள். இதெல்லாம் நடந்தது. யாரும் மறுக்கவில்லை. பழியை ராணுவம் கம்யூனிஸ்ட் கட்சியின் மேல் போட்டது. அந்தக் குழுவை அடக்கிய ஜெனரல் சுகார்த்தோ பிறகு அதிபரானார்.

1984இல் அரசுத் திரைப்பட நிறுவனம் இதைப் படமாக்கியது. நான்கரை மணி நேரம் ஓடும். இயக்கியவர் அரிபின் நூர். நாடக உலகில் பெரிய பெயர், கைதேர்ந்த கலைஞர். அதுதான் வம்பே. மோசமாக எடுத்திருந்தால் பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். ஆண்டுதோறும் செப்டம்பர் 30 அன்று தொலைக்காட்சியில் போட்டார்கள். பள்ளிக்கூடங்கள் மாணவர்களை வரிசையாகத் தியேட்டருக்கு அழைத்துப் போயின. 1998இல் சுகார்த்தோ பதவி இழக்கும்வரை இது நிற்கவில்லை. கம்யூனிஸ்ட் பெண்கள் ஜெனரல்களைச் சித்திரவதை செய்வதும், ஒருத்தி சவரக்கத்தியால் ஒருவரின் முகத்தைக் கீறிவிட்டு "ரத்தம் சிவப்பு, ஜெனரல்" என்று சொல்வதும் ஒரு தலைமுறைக்கே மறக்காத காட்சி.

அந்தக் காட்சி நடக்கவில்லை. ஆதாரம் எதிரிகளிடமிருந்து வந்ததல்ல. கிணற்றிலிருந்து எடுத்த உடல்களைப் பரிசோதிக்கச் சொன்னவரே சுகார்த்தோதான். துப்பாக்கிக் குண்டுக் காயங்கள் இருந்தன, அடிபட்ட காயங்கள் இருந்தன. கண்களைத் தோண்டியதற்கோ பிறப்புறுப்பை அறுத்ததற்கோ அறிகுறி இல்லை என்பதே மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தது. அறிக்கை ராணுவத்தின் கைக்குப் போயிற்று. ராணுவத்தின் பத்திரிகைகளோ கண்களைத் தோண்டிய கதையைத்தான் அச்சடித்தன. 1987இல் ஆய்வாளர் பெனடிக்ட் ஆண்டர்சன் அந்த மருத்துவ அறிக்கைகளை வெளியிட்டபோது படம் மூன்று வயதுக் குழந்தை. அதன் பிறகும் பத்து வருடம் ஓடியது.

சவரக்கத்தி மட்டும் பொய் என்றால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். சினிமாக்காரர்கள் கொஞ்சம் மசாலா சேர்ப்பது வழக்கம்தான் என்று விட்டுவிடலாம். படம் எங்கே முடிகிறது என்று பாருங்கள்: ஜெனரல்களின் அடக்கத்தோடு. நிஜத்தில் அடுத்த கதை அங்கேதான் தொடங்கியது. அக்டோபரிலிருந்து சில மாதங்களில் மத்திய ஜாவா, கிழக்கு ஜாவா, பாலி, வடக்கு சுமத்ரா என்று ராணுவமும் அது ஏவிய கும்பல்களும் கம்யூனிஸ்ட்களையும், கம்யூனிஸ்ட் என்று கைகாட்டப்பட்டவர்களையும் கொன்றார்கள். ஐந்து லட்சம் என்பது குறைந்த மதிப்பீடு. பத்து லட்சம் என்போரும் உண்டு. விவசாயிகள், ஆசிரியர்கள், தொழிற்சங்கத்தினர். விசாரணையின்றிச் சிறையில் கிடந்தவர்கள் வேறு. நாவலாசிரியர் பிரமூத்யா அனந்த தூர் புரு தீவில் மட்டும் பத்தாண்டு இருந்தார். விடுதலையானவர்களின் அடையாள அட்டையில் முன்னாள் கைதி என்பதற்குத் தனிக் குறி. சுகார்த்தோ ஆட்சியில் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் அரசு வேலை கிடைக்கவில்லை. நான்கரை மணி நேரத்தில் இவர்களுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. ஏழு பேரின் சாவை அவ்வளவு நெருக்கத்தில் காட்டியதே, இந்த லட்சக்கணக்கானவர்களுக்கு அது வேண்டியதுதான் என்று பார்ப்பவரை நினைக்க வைக்கத்தான். நடந்ததைத்தானே காட்டுகிறார்கள் என்று கேட்கிறீர்களே, நடந்ததில் எதுவரை என்று கேட்டுப் பழகுங்கள்.

இன்னொரு படமும் உண்டு. 2012இல் ஜோஷுவா ஓப்பன்ஹைமர் எடுத்த 'தி ஆக்ட் ஆஃப் கில்லிங்' என்ற ஆவணப்படம். மேடான் நகரத்தில் அன்வர் காங்கோ என்ற முதியவர், தான் ஆட்களைக் கொன்ற மொட்டை மாடிக்கே கேமராவை அழைத்துப் போகிறார். அடித்துக் கொன்றால் ரத்தமும் நாற்றமும் தாங்கவில்லை, அதனால் கழுத்தில் கம்பியைச் சுற்றி இழுத்தேன் என்று செய்து காட்டுகிறார். பிறகு அங்கேயே சா-சா-சா நடனம் ஆடுகிறார். எடுத்ததைப் போட்டுக் காட்டியபோது அவருக்கு ஒரே குறை: வெள்ளைப் பேன்ட் போட்டிருக்கக் கூடாதாம். அந்தக் காலத்தில் இவர் தியேட்டர் வாசலில் பிளாக்கில் டிக்கெட் விற்றவர். அமெரிக்கப் படங்களைக் கம்யூனிஸ்ட்கள் எதிர்த்ததால் பிழைப்பு கெட்டது என்ற கடுப்பும் இருந்தது.

இந்தப் படத்தின் இறுதிப் பெயர்ப் பட்டியலில் இந்தோனேசியக் கலைஞர்கள் பலருக்குப் பெயரே இல்லை. இணை இயக்குநர் ஒருவர் உட்பட, வரிசையாக 'பெயர் வெளியிடாதவர்' என்றுதான் இருக்கிறது. உண்மைக்குப் பயப்படுகிறவர்கள் யார் என்று கேட்டீர்கள். பயந்தது இவர்கள்தான், உண்மையைப் படம் பிடித்ததற்காக.

ஆவணப்படம் என்பதால் அதற்கும் நான் பூமாலை போடப்போவதில்லை. ஒரு கொலைகாரரின் மனசாட்சிக்குள் அவ்வளவு தூரம் போன படம், அவரை ஏவிய ராணுவத்தையும், கட்சிக்காரர்களின் பெயர்ப்பட்டியலை அந்த ராணுவத்துக்குக் கொடுத்த அமெரிக்கத் தூதரகத்தையும் ஓரமாக விட்டுவிட்டது என்ற விமர்சனம் நியாயமானது. ஆனால் அதை எந்தப் பள்ளியும் கட்டாயமாக்கவில்லை. பார்த்தவர்கள் திட்டலாம், எழுந்து போகலாம், மறுத்து எழுதலாம்.

ஓப்பன்ஹைமரின் அடுத்த படத்தில் ஒரு வகுப்பறை வருகிறது. அந்தப் படுகொலையில் அண்ணனைப் பறிகொடுத்த, கண் பரிசோதித்து மூக்குக்கண்ணாடி கொடுக்கும் ஒருவரின் மகன் அங்கே படிக்கிறான். கம்யூனிஸ்ட்கள் ஜெனரல்களின் முகத்தைக் கீறினார்கள், கண்களைத் தோண்டினார்கள் என்று ஆசிரியர் பாடம் நடத்துகிறார். பெரியப்பாவைக் கொன்றது நியாயம் என்று அந்தப் பையன் கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். தொலைக்காட்சியில் கட்டாய ஒளிபரப்பு நின்று பத்தாண்டுக்கு மேல் ஆன பிறகு எடுத்த காட்சி இது. 2017இல் ராணுவத் தளபதி பழைய படத்தை மறுபடி திரையிடச் சொல்லி உத்தரவும் போட்டார். 2023 ஜனவரியில்தான் அதிபர் ஜோக்கோ விடோடோ, 1965-66 உள்ளிட்ட பன்னிரண்டு மனித உரிமை மீறல்களுக்கு வருத்தம் தெரிவித்தார். வருத்தம்தான், மன்னிப்பு இல்லை, வழக்கும் இல்லை.

ஆகவே ஐயா, படுகொலையைப் படமாக எடுக்கட்டும், தாராளமாக எடுக்கட்டும். புண்ணைக் கிளறாதே என்று சொல்லும் கட்சி நானல்ல. வரிவிலக்கு அறிவிக்கும் அமைச்சரிடம் மட்டும் ஒன்று கேளுங்கள்: அதே சம்பவத்தில் மறுபக்கம் செத்தவர்களைப் பற்றி ஒருவர் படம் எடுத்து வந்தால், தணிக்கைச் சான்றிதழும் தியேட்டரும் போலீஸ் பாதுகாப்பும் கிடைக்குமா? கிடைக்கும் என்று அவர் எழுதிக் கொடுத்தால், பள்ளிக்கூடத்து டிக்கெட்டுக்கு நானும் காசு தருகிறேன்.