பழைய மரப் பாய்க்கப்பல்ல ஒரு நாள் பயணம் போனா சும்மா உக்காந்து வேடிக்கை பார்க்கிறது மட்டும்தானா?

இல்லைங்க, நிறைய கப்பல்ல நம்மளையும் வேலைக்குக் கூப்பிடுவாங்க. அமெரிக்கால பியூஜெட் சவுண்ட் கடல்ல ஓடுற அட்வென்சரஸ்ங்கிற ஸ்கூனர் வகைப் பாய்க்கப்பல் 1913-ல கட்டினது, அதுல பயணிகளும் சேர்ந்துதான் பாய் ஏத்துவாங்க. ரெண்டு பக்கமும் வரிசையா நின்னு தடிச்ச கயித்தை ஒரே மூச்சா இழுக்கணும், ஒருத்தர் குரல் குடுப்பாங்க, எல்லாரும் சேர்ந்து இழுக்க இழுக்க அவ்ளோ பெரிய பாய் மெதுவா மேல ஏறும், அப்புறம் இன்ஜினை நிறுத்தினதும் ஒரு அமைதி வரும் பாருங்க, தண்ணி சத்தமும் மரம் முனகுறதும் மட்டும்தான், அதுக்காகவே போகலாம்.

குனிஞ்சு தளத்தைப் பாருங்க, பலகைக்கு நடுவுல கறுப்பா கோடு தெரியும். இடுக்குல நார் வச்சு அடிச்சு இறுக்கி மேல தார் மாதிரி ஊத்தியிருப்பாங்க. உப்புத் தண்ணி ஊத்திக் கழுவுறதும் சுத்தத்துக்கு மட்டும் இல்ல, ஈரத்துல பலகை ஊதி இடுக்கு அடைஞ்சுக்கும்.

வழுக்காத ரப்பர் செருப்போ ஷூவோ போடுங்க, வெயில் அடிச்சாலும் ஒரு ஜாக்கெட் எடுத்துக்கோங்க. தலை சுத்தினா கீழ அறைக்குப் போகாதீங்க, மேலயே நின்னு தொடுவானத்தைப் பாருங்க. கப்பல் திரும்புறப்போ பாயோட அடிப்பக்கத்தைப் பிடிச்சிருக்கிற நீளக் கட்டை சட்டுனு ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கம் வரும், மாலுமி குனியச் சொன்னா உடனே குனிஞ்சிடுங்க.