வந்தாறுமூலையா, ஜயவர்த்தனபுரவா: எதை முதலில் போடுவது?

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு, மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வர்த்தகப் பிரிவுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரே கேள்விதான் ஓடும்: “இந்த இசட் ஸ்கோருக்கு எதை முதலாவதாகப் போடலாம்?” கேள்வியிலேயே பிழை இருக்கிறது. பல்கலைக்கழகத் தெரிவுக்குப் பார்க்கும் அந்தப் புள்ளியை வைத்துத் தெரிவுகளை வரிசை போடக் கூடாது. பிள்ளை எங்கே, எதைப் படிக்க ஆசைப்படுகிறாரோ அந்த ஒழுங்கில்தான் போட வேண்டும்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு பிள்ளையின் பட்டியலையும் மேலிருந்து கீழாகப் பார்க்கிறது. முதல் தெரிவுக்குப் புள்ளி போதுமானால் அதோடு முடிந்தது. போதாவிட்டால் இரண்டாவது, பிறகு மூன்றாவது. ஒரு தெரிவை எத்தனையாவதாகப் போட்டீர்கள் என்பதற்குத் தனியாகப் புள்ளி கிடையாது. ஒரு மாணவி ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழக முகாமைத்துவத்தை முதலாவதாகவும் வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழக முகாமைத்துவத்தை நான்காவதாகவும் போடுகிறார் என்று வையுங்கள். முதல் மூன்றும் கிடைக்கவில்லை. அதே மாவட்டத்தில் அவரைவிடக் குறைந்த புள்ளி எடுத்த ஒருவர் வந்தாறுமூலையை முதலாவதாகப் போட்டிருந்தாலும், இவரைத் தாண்டி உள்ளே போக முடியாது. ஆசைப்பட்டதை மேலே போட்டதால் கீழே இருந்தது கைநழுவாது.

நட்டம் வருவது மறுபக்கத்தில். “எதற்கும் பக்கத்தில் இருக்கட்டும்” என்று வந்தாறுமூலையையோ தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் ஒலுவிலையோ முதலாவதாகப் போட்டு, ஜயவர்த்தனபுரவை இரண்டாவதாகப் போட்டால், இரண்டுக்கும் புள்ளி இருந்தாலும் முதலாவதுதான் கிடைக்கும். பிறகு அழுதாலும் இரண்டாவது திரும்பி வராது. வீட்டிலிருந்து போய்வரக்கூடிய இடத்தைப் பிள்ளை மனதார விரும்பினால் அதை முதலாவதாகப் போடுவதில் ஒரு குறையும் இல்லை. பயத்தில் போடுவதுதான் பிழை. அதேபோல, கிடைத்தாலும் போக மாட்டோம் என்று தெரிந்த இடத்தைப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம். அது கிடைத்தால் அதற்குக் கீழே உள்ளவை பார்க்கப்பட மாட்டா. அதே பெறுபேற்றோடு அடுத்த வருடம் விண்ணப்பிக்கவும் முடியாது.

கடந்த வருட வெட்டுப்புள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு பலர் தடுமாறுகிறார்கள். வெட்டுப்புள்ளி யாரும் முன்கூட்டி வைத்த மட்டம் இல்லை. கடைசியாக உள்ளே போன பிள்ளையின் புள்ளிதான் அது. அந்த வருடத்துப் பிள்ளைகள் என்ன விரும்பினார்கள், எத்தனை இடம் இருந்தது என்பதைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். மயிரிழையில் குறைகிறது என்பதற்காக ஒரு தெரிவை வெட்டி விடாதீர்கள்.

இசட் ஸ்கோரும் பலருக்குப் புதிராகவே இருக்கிறது. எளிமையாகச் சொன்னால், பெற்ற புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து நியம விலகலால் (புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவால்) வகுப்பது. விளக்கத்துக்காக எண்களை எடுத்துக்கொள்வோம். கணக்கீட்டில் 75, சராசரி 63, விலகல் 12 என்றால் இசட் 1.0. பொருளியலில் 68, சராசரி 50, விலகல் 12 என்றால் 1.5. வணிகக் கல்வியில் 60, சராசரி 48, விலகல் 10 என்றால் 1.2. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுக்க 1.2333. 75 எடுத்த பாடத்தைவிட 68 எடுத்த பாடம்தான் பிள்ளையைத் தூக்கிவிட்டிருக்கிறது. மூன்று ஏ எடுத்தவர்கள் இருவருக்குள் இடைவெளி வருவதும் இதனால்தான்.

முகாமைத்துவம், வணிகம் போன்ற கற்கைநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகிறது. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்த 16இல் இருக்கின்றன. இங்கே எல்லைப்புறப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். துறைநீலாவணை மட்டக்களப்பு மாவட்டம், கல்முனை அம்பாறை மாவட்டம். துறைநீலாவணையில் வீடு, படிப்பு கல்முனையில் என்றால், பாடசாலைப் பரீட்சார்த்திக்கு மாவட்டத்தைத் தீர்மானிப்பது பாடசாலை இருக்கும் இடம். வீட்டு முகவரியை வைத்து மட்டக்களப்பு வெட்டுப்புள்ளியைப் பார்த்துக் கணக்குப் போட்டால் எல்லாமே பிசகும். இடையில் பாடசாலை மாறியவர்கள் விடுகைப் பத்திரங்களின் திகதிகளை எடுத்து வைத்துக்கொண்டு, ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலில் அந்தப் பகுதியைச் சொல்லுக்குச் சொல் வாசிக்க வேண்டும்.

ஒரே பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவத்துக்கு ஒரு கோட் (விண்ணப்பத்தில் எழுதும் குறியீடு), வணிகத்துக்கு இன்னொரு கோட். கிழக்கிலும் தென்கிழக்கிலும் யாழ்ப்பாணத்திலும் இப்படித்தான். “கம்பஸைப் போட்டாச்சு” என்று ஒன்றோடு நிறுத்தினால் மற்றது போய்விடும். திருகோணமலை வளாகத்தையும் வவுனியாப் பல்கலைக்கழகத்தையும் மறந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். மூன்று பாடத்திலும் எஸ் (சாதாரண சித்தி) இருந்தாலும், உயர்தரத்தோடு எழுதும் பொதுச் சாதாரண பரீட்சையில் 30 புள்ளி வேண்டும் என்பதையும் பாருங்கள்.

விண்ணப்பத்தை கொமினிகேஷன் கடையில் நிரப்புவது இங்கே வழக்கம். அதில் குற்றமில்லை. ஆனால் மின்னஞ்சல் இல்லை என்றதும் கடைக்காரர் தன் மின்னஞ்சலையே போட்டுவிடுவார். மாதங்கள் கழித்துப் பதிவுக்கான அறிவித்தல் வரும்போது அது அவருடைய பெட்டியில் கிடக்கும். பிள்ளையின் பெயரில் ஒரு மின்னஞ்சலை முதல்நாளே திறந்து, கடவுச்சொல்லைக் கொப்பியில் எழுதி வையுங்கள். வருடம் முழுக்க வேலை செய்யும் தொலைபேசி எண்ணைக் கொடுங்கள். அனுப்புவதற்கு முன் கோட்களை ஒருவர் வாசிக்க, மற்றவர் கைநூலில் சரி பார்க்க வேண்டும். ஓர் இலக்கம் மாறினால் பாடமே மாறிவிடும். பெயரின் ஆங்கில எழுத்தும் அப்படியே: பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் வேறு என்று இருந்தால் சத்தியக் கடதாசியை இப்போதே எடுத்து வைக்கலாம்.

அரச பல்கலைக்கழகம் கிடைக்காது என்று பயந்து, பெறுபேறு வந்த அன்றே தனியார் நிறுவனத்தில் முற்பணம் கட்டிவிட வேண்டாம். பட்டத்தில் யாருடைய பெயர் இருக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். உள்நாட்டு நிறுவனம் என்றால் பட்டம் வழங்கும் அங்கீகாரம் அந்தக் குறிப்பிட்ட கற்கைநெறிக்கு உண்டா என்று பார்க்க வேண்டும். வெளிநாட்டுப் பட்டத்துக்குக் கட்டணத்தில் ஒரு பகுதி பவுண், டொலர் போன்ற வெளிநாட்டு நாணயத்தில் இருக்கலாம். 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியதை நினைத்துக் கணக்குப் பாருங்கள். இதைவிட, மட்டக்களப்பிலும் சம்மாந்துறையிலும் உள்ள ஏ.டி.ஐ.களில் (அரச உயர் தொழில்நுட்பவியல் நிறுவனங்களில்) நான்கு வருடக் கணக்கீட்டு உயர் தேசிய டிப்ளோமா இருக்கிறது. அதற்கான விண்ணப்பம் ஆணைக்குழு விண்ணப்பத்தோடு சேராது, தனியாகக் கோரப்படும். இரண்டுக்கும் விண்ணப்பித்து வைத்துவிட்டு, இடைப்பட்ட மாதங்களில் பிள்ளையை ஆங்கில வகுப்புக்கு அனுப்புங்கள். முகாமைத்துவ விரிவுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கும். தமிழில் ஐந்தொகை தயாரிக்கத் தெரிந்த பிள்ளை முதல் அரையாண்டில் திணறுவது பாடத்தால் அல்ல, பாடத்தின் சொற்களால்தான்.