ஆடி மாதத்தில் வரும் செகண்டரிகள்

சகோதரிக்கு வணக்கம். உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். இதே நிலையில் இருக்கும் மற்ற வீடுகளுக்கும் பயன்படட்டும்.

அண்ணன் ஸ்பான்சர் செய்த கிரீன் கார்டில் மதுரையிலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது. மகள் இங்கே டிகிரி முடித்துவிட்டு ஒரு கிளினிக்கில் மெடிக்கல் ஸ்கிரைப் (டாக்டர் நோயாளியைப் பார்க்கும்போது குறிப்பெடுப்பவர்) வேலை பார்க்கிறாள். மே கடைசியில் ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாக 22 மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தாள். ஜூலை பிறந்ததிலிருந்து ஒவ்வொரு கல்லூரியும் 'செகண்டரி' (இரண்டாம் கட்ட விண்ணப்பம்) என்று தனித்தனியாகக் கட்டுரை கேட்கிறது. ராத்திரி ஒரு மணி வரை எழுதுகிறாள், சரியாகச் சாப்பிடுவதில்லை, கேட்டால் எரிந்து விழுகிறாள். ஆகஸ்ட் முதல் வாரம் எல்லோருக்கும் ஊருக்கு டிக்கெட் போட்டாயிற்று, ஆவணியில் நாத்தனார் மகன் கல்யாணம். "கடைசித் தேதி டிசம்பர் என்றுதானே போட்டிருக்கிறது, கல்யாணத்துக்குப் போய் வந்து நிதானமாக எழுதினால் ஆகாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆகாது. ஊரில் ஆடியில் கல்யாணம் வைக்கமாட்டார்கள். இங்கே செகண்டரிக்கு ஆடிதான் முகூர்த்தம்.

டிசம்பர் என்று போட்டிருப்பது கதவைச் சாத்தும் தேதி. அதுவரை உள்ளே யாரும் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. பெரும்பாலான கல்லூரிகள் விண்ணப்பம் வர வரப் படித்து, வர வர இன்டர்வியூவுக்கு அழைக்கின்றன. ஆகஸ்டிலேயே இன்டர்வியூ அழைப்பு வாங்கும் பிள்ளைகள் உண்டு. அக்டோபர் 15-லிருந்து 'இடம் உண்டு' என்ற கடிதங்களும் வர ஆரம்பித்துவிடும். டிசம்பரில் போய்ச் சேரும் நல்ல கட்டுரையைப் படிக்க ஆள் இருப்பார்கள், ஆனால் இன்டர்வியூ இடங்களில் பெரும்பகுதி அதற்குள் போயிருக்கும். கேள்வி வந்த இரண்டு வாரத்துக்குள் அனுப்பிவிட வேண்டும் என்று பிள்ளைகள் தங்களுக்குள் வைத்திருக்கும் கணக்கு இதனால் வந்ததுதான். அது எழுதிய சட்டமல்ல. சில கல்லூரிகள் மட்டும் இத்தனை நாளுக்குள் என்று கண்டிப்பாகவே சொல்லும், அவற்றுக்கு அந்தத் தேதிதான். மற்றவற்றுக்குப் பதினைந்தாம் நாள் போகவில்லையே என்று குடி முழுகிவிடாது. ஐந்து நாளில் அரைகுறையாக அனுப்புவதற்கு மூன்றாவது வாரம் சரியாக அனுப்புவது மேல். மூன்று மாதம் தள்ளுவதுதான் கெடுதல்.

நீட் மார்க், கட்-ஆஃப், கவுன்சிலிங் என்று பழகிய நமக்கு இது பிடிபட நாளாகும். அங்கே தேர்வெழுதி மதிப்பெண் வந்துவிட்டால் மாணவர் செய்ய வேண்டியது பெரும்பாலும் முடிந்தது. இங்கே எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வு மார்க், கல்லூரிச் சராசரி மதிப்பெண்ணான ஜிபிஏ எல்லாம் முதல் விண்ணப்பத்தோடு போயிருக்கும். ஆனால் பல கல்லூரிகள் அதைச் சல்லடை போடாமல் ஏறக்குறைய எல்லோருக்குமே செகண்டரி அனுப்பிவிடும். வந்துவிட்டது என்பதற்காகத் தேர்வாகிவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். 22 கல்லூரி, கல்லூரிக்கு மூன்று நான்கு கட்டுரை என்று வைத்தாலும் எண்பதைத் தொடும். டியூக் மாதிரிச் சில இடங்கள் நீளமான கட்டுரைகளுக்கே பேர்போனவை. முழுநேர வேலையோடு இது ராத்திரி ஒரு மணி வேலையாகத்தான் முடியும், அவள் மேல் குற்றமில்லை.

அதனால் முதல் காரியம், வேகமாக எழுத வைப்பது அல்ல. எழுத வேண்டியதைக் குறைப்பது.

இருபத்திரண்டையும் எழுதியே தீர வேண்டும் என்று ஒன்றும் இல்லை. முதல் விண்ணப்பத்துக்குக் கட்டிய பணம் போனது போனதுதான், அதற்காகச் செகண்டரிக்கும் நூறு டாலர் கட்டி, இரண்டு நாளையும் கொட்ட வேண்டுமா? அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏஏஎம்சி நடத்தும் எம்எஸ்ஏஆர் என்ற தளத்துக்குச் சந்தா கட்டினால், எந்தக் கல்லூரி வெளிமாநிலத்துப் பிள்ளைகளை எத்தனை பேர் எடுத்தது, அவர்கள் மார்க் எப்படி இருந்தது என்று பார்க்கலாம். பல மாநில அரசுக் கல்லூரிகள் தங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கே முன்னுரிமை தரும். டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு இடம் மாநிலத்தவருக்கு என்று சட்டமே இருக்கிறது. நியூ ஜெர்சிப் பெண் இப்படிப்பட்ட இடங்களுக்குக் கட்டுரை எழுதுவதைவிட அந்த நேரத்துக்குத் தூங்கலாம். பதினைந்து பதினாறாகக் குறைத்தாலே வீட்டுக்குள் காற்று வரும்.

இடையில் ஒன்று, உங்களுக்கல்ல, இதைப் படிக்கும் எச்-4 (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்கானது), எஃப்-1 (மாணவருக்கானது) விசாப் பிள்ளைகளின் பெற்றோருக்கு. குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களைப் பல மருத்துவக் கல்லூரிகள் எடுப்பதே இல்லை. எடுக்கும் சில கல்லூரிகள் வருடக்கணக்கான கட்டணத்தை முன்கூட்டியே ஒரு கணக்கில் போட்டுக் காட்டச் சொல்லும். ஒரு வரி எழுதுவதற்கு முன் இதை அந்தந்தக் கல்லூரியின் பக்கத்தில் பார்த்துவிடுங்கள். எச்-4 பிள்ளைக்கு 21 வயதானால் அந்த விசாவும் நிற்காது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இனி எதை முதலில் எழுதுவது. பிள்ளைகள் ஆசைப்பட்ட பெரிய பேர் உள்ள கல்லூரியில் ஆரம்பித்து, அதிலேயே ஒரு வாரம் மாட்டிக்கொள்வார்கள். என் மகள் எழுதிய வருடம் நான் பார்த்தது, முதல் இரண்டு கட்டுரைத் தொகுப்புகள் எப்போதுமே கொஞ்சம் விறைப்பாகத்தான் வரும். கை இளகுவது மூன்றாவதில். ஆகவே நடுத்தரமான ஒன்றிரண்டை முதலில் முடிக்கட்டும், உடனே சொந்த மாநிலத்துக் கல்லூரிகள். உங்களுக்கு ரட்கர்ஸின் இரண்டு கல்லூரிகள், கேம்டனில் கூப்பர், ஹேக்கன்சாக் மெரிடியன் இருக்கின்றன. இவைதான் அவளுக்குக் கிடைக்க வாய்ப்பு அதிகம், அங்கே களைத்துப்போன கட்டுரை போகக் கூடாது. அதற்குப் பிறகு கேள்விகள் ஒன்றுபோல இருக்கும் கல்லூரிகளைச் சேர்த்துச் சேர்த்து எழுதலாம். ஆறு கட்டுரை கேட்கும் ராட்சசர்கள் கடைசியில் இருக்கட்டும்.

ஒன்றுபோல இருக்கும் என்றேனே, அதுதான் இந்த வேலையில் நேரம் மிச்சமாகும் ஒரே இடம். எண்பது கட்டுரை என்றாலும் கேள்வி ஏழெட்டுத்தான். எங்கள் வகுப்புக்கு நீ என்ன கொண்டு வருவாய், சந்தித்த ஒரு கஷ்டம், தோற்றுப்போன ஒரு சமயம், உன்னைப் போல் இல்லாதவர்களோடு வேலை செய்தது, டிகிரிக்குப் பிறகான இந்த வருடத்தில் என்ன செய்கிறாய், ஏன் எங்கள் கல்லூரி. பல கல்லூரிகள் வருடாவருடம் பெரிய மாற்றமில்லாமல் இதையே கேட்கின்றன. 2023-ல் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதற்கு எதிராக உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு பன்முகத்தன்மை பற்றிய கேள்விகளின் வாசகம் சில இடங்களில் மாறியது, சாரம் அதிகம் மாறவில்லை. போன வருடத்துக் கேள்விகளை வைத்து ஜூனிலேயே எழுதி வைத்திருந்தால் இப்போது பாதி சுமை இருந்திருக்காது. அது இப்போது போன பேச்சு. இன்னும் கேள்வி அனுப்பாத கல்லூரிகள் அவள் பட்டியலில் இருக்கும், அவற்றுக்கு இதைச் செய்யலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டுரை எழுதவே வேண்டாம், நடந்தவற்றை மட்டும் எழுதிப் போடச் சொல்லுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு புது நாட்டில் கல்லூரிக்குப் போனது, லேபில் இங்கிலீஷ் வேகமாகப் பேசுகிறவர்களிடம் திரும்பக் கேட்கக் கூச்சப்பட்டது, கிளினிக்கில் ஏதோ ஒரு பாட்டிக்கு டாக்டர் சொன்னது புரியாமல் இருந்தது, எதுவானாலும். நடந்தது நடந்தபடி, யார், எங்கே, இவள் என்ன செய்தாள் என்று. இருபது சம்பவம் கையில் இருந்தால், ஒரே சம்பவம் ஒரு கல்லூரிக்குக் கஷ்டமாகவும் இன்னொரு கல்லூரிக்குக் கூட்டுவேலையாகவும் உதவும். 500 வார்த்தையில் ஒன்று, அதையே 250 வார்த்தையில் ஒன்று என்று வைத்துக்கொண்டால் போதும். அப்புறம், அம்மா அப்பா எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார்கள் என்பதை மட்டும் எல்லாக் கட்டுரையிலும் எழுதாமல் பார்த்துக்கொள்ளட்டும். நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். இடம் கேட்பது அவள், நாம் அல்ல.

'ஏன் எங்கள் கல்லூரி' மட்டும் திருப்பிப் போட முடியாது. நேரம் செலவழிக்க வேண்டியது அங்கேதான். கேம்டன் நகரத்து மக்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் கூப்பருக்கு எழுதினால், இவள் எங்கள் பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று தெரிந்துவிடும். பழைய கட்டுரையை வெட்டி ஒட்டும் அவசரத்தில் வேறு கல்லூரியின் பேரோடு அனுப்பிவிடுகிறவர்கள் வருடாவருடம் உண்டு. அனுப்பும் முன் கல்லூரிப் பேர்களைத் தேடு பட்டனில் போட்டுப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

வேலை பற்றி. விட வேண்டாம், கிளினிக் அனுபவம் கட்டுரைக்கும் இன்டர்வியூவுக்கும் வேண்டும். ஆனால் மூன்று வாரத்துக்கு ஷிஃப்டைக் குறைத்துத் தர முடியுமா என்று மேலாளரிடம் கேட்கட்டும். ஸ்கிரைப் வேலைக்கு வருகிறவர்களில் பலர் மருத்துவக் கல்லூரிக்கு முயல்பவர்கள்தான், அவர்களுக்கு ஜூலை என்றால் என்னவென்று தெரியும். புதிதாக எழுதுவதைக் காலையில் வேலைக்குப் போகும் முன் வைத்துக்கொண்டு, திருத்துவதை ராத்திரிக்கு விடலாம். பதினொன்றுக்கு மேல் எழுதியதை மறுநாள் எப்படியும் அடிக்கத்தான் போகிறாள்.

படித்துப் பார்க்க இரண்டு பேர் போதும். கல்லூரி ஆலோசகர் ஒருவர், அவளை நன்றாகத் தெரிந்த தோழி ஒருத்தி. உங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் டாக்டர் மாமா, ஐடி மாமா எல்லோரும் பாசத்தில்தான் கேட்பார்கள், ஆளுக்கொரு திருத்தம் சொல்வார்கள், பிள்ளை மூன்று நாள் சுற்றிவிட்டு ஆரம்பித்த இடத்துக்கே வருவாள். உங்கள் வீட்டுக்காரரும் படிக்க வேண்டும் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அனுப்பிய பிறகு படிக்கக் கொடுக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய வேலை வேறு இருக்கிறது. ஒரு கணக்குத் தாள். கல்லூரி, கேள்வி வந்த தேதி, அனுப்பிய தேதி, கட்டிய பணம், போர்ட்டலின் பேர். ஒவ்வொரு கல்லூரிக்கும் தனி போர்ட்டல், தனி பாஸ்வேர்ட். மெயில் ஸ்பாமில் போய்க் கிடக்கும், தினம் ஒரு தடவை அவளோடு சேர்ந்து பாருங்கள். கட்டுரை போய்விட்டாலே விண்ணப்பம் முழுமையானது என்று அர்த்தமில்லை. பரிந்துரைக் கடிதங்கள் ஏறியிருக்க வேண்டும், கேஸ்பர் (சூழ்நிலையைக் கொடுத்து என்ன செய்வாய் என்று கேட்கும் ஆன்லைன் தேர்வு) கேட்கும் கல்லூரி என்றால் அந்த மதிப்பெண்ணும் போயிருக்க வேண்டும். ஒரு பேராசிரியர் கடிதம் அனுப்ப மறந்தால், பத்து நாளில் எழுதி முடித்த கட்டுரை செப்டம்பர் வரை யாரும் படிக்காமல் கிடக்கும். முதலில் அதைச் சரிபாருங்கள், இன்றைக்கே.

பணம். செகண்டரிக் கட்டணம் கல்லூரிக்குக் கல்லூரி மாறும், நூறு டாலரை ஒட்டி இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏஏஎம்சியின் கட்டண உதவித் திட்டம் அவளுக்குக் கிடைத்திருந்தால் பல கல்லூரிகள் இதைத் தள்ளுபடி செய்கின்றன. ஏற்கெனவே கட்டியதை அந்தத் திட்டம் திருப்பித் தராது. வீட்டு வருமானம் குறைவு என்றால் இப்போதும் தகுதி உண்டா என்று பார்த்துவிடுங்கள்.

கடைசியாகக் கல்யாணம். நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் போய் வாருங்கள், அவள் டிக்கெட்டை மட்டும் மாற்றுங்கள். ஜூலையில் வந்ததெல்லாம் அனுப்பி முடித்திருந்தால் முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் வந்து திரும்பட்டும். கல்யாண வீட்டு மாடியில் உட்கார்ந்து கட்டுரை எழுத யாரும் விடமாட்டார்கள், இதை நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. அந்த வாரத்தில் இன்டர்வியூ வந்தாலும் பயமில்லை. பல கல்லூரிகள் இப்போது வீடியோவில்தான் நடத்துகின்றன, இங்கே காலை ஒன்பது என்றால் மதுரையில் மாலை ஆறரை. நல்ல இணைய வசதியும் சத்தமில்லாத அறையும் இருக்கும் உறவினர் வீடு ஒன்றை முன்பே பார்த்து வையுங்கள், மண்டபத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். நாத்தனாரிடம் நீங்களே பேசிவிடுங்கள், அந்த போனை அவள் தலையில் கட்டாதீர்கள்.

அந்த 22 பேர்களை எனக்கு எழுதி அனுப்புங்கள், எம்கேட் மார்க்கும் சேர்த்து. எவற்றை விட்டுவிடலாம் என்று என் மகளையும் கேட்டுச் சொல்கிறேன். அவளுக்கு இந்த வாரம் நைட் டியூட்டி, வியாழக்கிழமைக்குள் பதில் வரும்.